சென்டிமீட்டருக்கு ஒரு கோடி ஆண்டு: பூமியின் தொடக்கப் பேரூழிகளைப் படிக்கப் பழகுதல்

புவியியல் கால அட்டவணையை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் டைனோசரைத் தேடுவார்கள். அது அட்டவணையின் மேல்பகுதியில் இருக்கும். கீழே ‘பிரீகேம்பிரியன்’ என்று ஒரு சிறு கட்டம் தெரியும். இடம் போதாமல் அச்சிட்டவர்கள் அதை நசுக்கிவிட்டார்கள். உண்மை அளவில் வரைந்தால் தாளின் பத்தில் ஒன்பது பங்கை அதுதான் எடுத்துக்கொள்ளும். அந்த நசுங்கிய கட்டத்தை விரித்துப் படிக்க இந்தக் கட்டுரை உதவும். கால்குலேட்டர், பேனா, ஐந்து மீட்டர் நாடா, ஒரு காந்தம் ஆகியவை போதும்.

முதலில் அலகு

ஆங்கில நூல்களில் வயது மில்லியனிலும் பில்லியனிலும் வரும். தமிழில் படிப்பவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். மில்லியனில் உள்ளதைப் பத்தால் வகுத்தால் கோடி. பில்லியனில் உள்ளதை நூறால் பெருக்கினால் கோடி. 4,567 மில்லியன் என்றால் 456.7 கோடி. 2.5 பில்லியன் என்றால் 250 கோடி. செய்தித்தாள்களில் ‘பில்லியன்’ என்பதை ‘கோடி’ என்று அப்படியே மாற்றி, 4.5 பில்லியன் ஆண்டுப் பூமியை 4.5 கோடி ஆண்டாகச் சுருக்கிவிடுவது அவ்வப்போது நடக்கிறது. டைனோசர்கள் அழிந்ததே 6.6 கோடி ஆண்டுக்கு முன் என்பதை நினைவில் வைத்திருந்தால் இந்தப் பிழை கண்ணில் படும்.

கோடியில் எண்ணுவதில் ஒரு வசதியும் உண்டு. ஒரு கோடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் பூமியின் முழு வரலாறும் நாலரை மீட்டரில் அடங்கிவிடும்.

நாடாவில் குறித்தல்

தையல் பொருள் விற்கும் கடையில் வெள்ளைப் பருத்தி நாடா ஐந்து மீட்டர் வாங்குங்கள். பழைய புடவையின் கரையைக் கிழித்து எடுத்தாலும் சரி. எலாஸ்டிக் வேண்டாம், இழுத்தால் காலம் நீண்டுவிடும். ஒரு முனையில் ‘இன்று’ என்று எழுதி, அங்கிருந்தே அளந்து போங்கள். எல்லா வயதும் ‘இன்றிலிருந்து எவ்வளவு முன்’ என்றுதான் சொல்லப்படுகிறது. மறுமுனையிலிருந்து அளப்பது அடுத்த பெரிய பிழை.

குறிக்க வேண்டிய நான்கு கோடுகள்:

53.9 செ.மீ. – கேம்பிரியனின் தொடக்கம். இங்கிருந்து இன்றுவரை ஃபனெரோசோயிக் பேரூழி.
250 செ.மீ. – புரோட்டெரோசோயிக் பேரூழியின் தொடக்கம்.
403.1 செ.மீ. – ஆர்க்கேயன் பேரூழியின் தொடக்கம்.
456.7 செ.மீ. – ஹேடியன் பேரூழியின் தொடக்கம். சூரியக் குடும்பத்தின் மிகப் பழைய திடப்பொருளின் வயது. விண்கற்களுக்குள் இருக்கும் கால்சியமும் அலுமினியமும் மிகுந்த வெண்துகள்களில் அளந்தது.

கோடுகளுக்கு இடைப்பட்ட நீளங்களைக் கழித்துப் பாருங்கள். புரோட்டெரோசோயிக் 196.1, ஆர்க்கேயன் 153.1, ஹேடியன் 53.6, ஃபனெரோசோயிக் 53.9. கடைசி இரண்டும் ஏறக்குறைய சமம். மீன், மரம், டைனோசர், யானை, நாம் எல்லாம் சேர்ந்த கதைக்கு எவ்வளவு நீளமோ, ஒரு பாறைகூட உறுதியாகக் கைக்குச் சிக்காத ஹேடியனுக்கும் அவ்வளவு நீளம். சென்னைக்கு அருகே அதிரம்பாக்கத்தில் கிடைத்த 15 லட்சம் ஆண்டுப் பழமையான கற்கருவிகளை நாடாவில் குறிக்க வேண்டுமானால் ‘இன்று’ முனையிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர். பேனா முனையே அதை மூடிவிடும்.

எந்தப் பெயர்களை மனப்பாடம் செய்வது

தமிழ்ப் பாடநூல்களில் சொற்கள் ஆளுக்கொரு விதமாக இருக்கும். இங்கே பெரிய பிரிவைப் பேரூழி என்றும், அதன் உட்பிரிவை ஊழி என்றும், அதற்கும் உள்ளே வருவதைக் காலம் என்றும் வைத்துக்கொள்வோம். ‘பிரீகேம்பிரியன்’ இவற்றில் எதுவும் அல்ல. கேம்பிரியனுக்கு முந்திய மூன்று பேரூழிகளையும் சேர்த்துச் சொல்லும் பேச்சுவழக்குப் பெயர்தான் அது.

ஹேடியனுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட உட்பிரிவே கிடையாது. பிரிக்கப் பாறை வேண்டுமே. கிரேக்கரின் பாதாள உலகான ஹேடஸின் பெயரை 1972-இல் அமெரிக்கப் புவியியலாளர் பிரஸ்டன் கிளவுட் சூட்டினார். எரிமலையும் தீக்குழம்புமாக மட்டுமே இருந்த நரகம் என்ற படம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இப்போது அந்தப் படம் பாதி கலைந்துவிட்டது. காரணம் கீழே வருகிறது.

ஆர்க்கேயனுக்கு நான்கு ஊழிகள்: இயோ, பேலியோ, மீசோ, நியோ. எல்லைகள் 360, 320, 280 கோடி. விடியல், பழைய, இடை, புதிய என்பதே அந்த முன்னொட்டுகளின் பொருள். புரோட்டெரோசோயிக்கில் ‘இயோ’ கிடையாது, மற்ற மூன்றும் உண்டு. எல்லைகள் 160, 100 கோடி. இந்த ஏழு ஊழிகள் தெரிந்தால் எந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பும் புரியும்.

காலங்கள் பத்து இருக்கின்றன, எல்லாம் புரோட்டெரோசோயிக்கில். எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டாம். மூன்றைத் தெரிந்துகொண்டால் தொடக்கத்துக்குப் போதும். சைடீரியன் 250 முதல் 230 கோடி வரை. கிரேக்கத்தில் இரும்பு என்று பொருள். கிரையோஜீனியன் 72 முதல் 63.5 கோடி வரை. உறைபனி நிலநடுக்கோடு வரை வந்த காலம். எடியாக்காரன் 63.5 முதல் 53.9 கோடி வரை; தெற்கு ஆஸ்திரேலியாவின் எடியாக்காரா குன்றுகளின் பெயர். அங்கே 1946-இல் ரெக் ஸ்பிரிக் கண்ட மென்னுடல் உயிரிகளின் பதிவுகள்தான் கண்ணுக்குத் தெரியும் பெரிய உயிரினங்களின் முதல் வரிசை.

அட்டவணையைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். அடுக்கிய பாய்களில் அடிப்பாய்தான் முதலில் போட்டது.

எல்லைகள் ஏன் வட்டமான எண்கள்?

250, 160, 100 என்று பூமி தன் வரலாற்றை வகுத்துக்கொள்ளவில்லை. கேம்பிரியன் முதல் இன்றுவரையுள்ள எல்லைகளை ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட பாறை அடுக்கில் அடையாளம் வைத்துத் தீர்மானிக்கிறார்கள். ‘தங்க ஆணி’ என்று அதற்குச் செல்லப்பெயர். கேம்பிரியனின் ஆணி 1992-இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஃபார்ச்சூன் ஹெட்டில் ஏற்கப்பட்டது. அங்கே எல்லையைக் காட்டுவது புழு போன்ற உயிரி மண்ணில் குடைந்த தடம். அதற்கு முந்திய பாறைகளில் இப்படி உலகமெங்கும் ஒப்பிடத்தக்க புதைபடிவம் இல்லை. ஆகவே உலகப் புவியியலாளர் அமைப்பு கடிகார எண்ணையே எல்லையாக வைத்தது. விதிவிலக்கு எடியாக்காரன்: 2004-இல் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் அதற்கு ஓர் ஆணி கிடைத்தது.

இதனால் நடைமுறையில் வரும் விளைவு ஒன்று: ‘250 கோடிக் கோடு எங்கே தெரியும்?’ என்று எந்த மலையிலும் போய்க் கேட்க முடியாது. பாறையில் அப்படி ஒரு கோடு இல்லை. ஆக்சிஜன் வளிமண்டலத்தில் தங்கத் தொடங்கியதே 240 முதல் 230 கோடி வாக்கில்தான். அதாவது கோட்டைத் தாண்டிப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வந்த பிறகு. எல்லையை அந்த மாதிரியான உண்மை நிகழ்வுக்கு நகர்த்த வேண்டும் என்ற வாதம் நெடுநாளாக இருக்கிறது. அந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. ஆனால் மாறும்வரை 250-தான்.

எண்கள் மாறவும் செய்யும். பழைய அட்டவணையில் ஆர்க்கேயன் 400 கோடி, கேம்பிரியன் 54.1 கோடி, கிரையோஜீனியன் 85 கோடி என்று இருக்கும். இன்று அவை 403.1, 53.88, 72. அச்சுப்பிழை என்று நினைத்துக் குழம்பாமல், அட்டவணையின் மூலையில் அச்சிட்டிருக்கும் ஆண்டையும் மாதத்தையும் பாருங்கள். 403.1 என்பது வடமேற்குக் கனடாவின் அகாஸ்டா நைஸ்பாறையின் (ஆழத்தில் வெந்து பட்டைபட்டையாக மாறிய பாறை) வயது.

வயது எங்கிருந்து வருகிறது

கார்பன்-14 இங்கே உதவாது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், 5,730 ஆண்டு. ஐம்பதாயிரம் ஆண்டு தாண்டினால் அளக்க மிச்சமிருக்காது. இந்தப் பேரூழிகளுக்குக் கடிகாரம் சிர்க்கான் என்ற மணல்பருமனுள்ள படிகம். உருகிய பாறைக் குழம்பு இறுகும்போது சிர்க்கான் உருவாகிறது. தன் கட்டமைப்பில் யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைச் சேர்க்காது. ஆகவே பின்னாளில் அதற்குள் காணப்படும் ஈயம் ஏறத்தாழ முழுதும் யுரேனியம் சிதைந்து வந்தது.

ஆய்வகத்தில் செய்வது இது. கிரானைட் போன்ற பாறை என்றால் இரண்டு முதல் ஐந்து கிலோ எடுத்து, வானிலையால் கருகிய தோலை உடைத்தெறிந்து, உள்பாறையை நொறுக்கிச் சலிப்பார்கள். அரிசி அரிக்கும்போது கல் அடியில் தங்குவதுபோல, தண்ணீரில் அலசினால் கனமான துகள்கள் பின்தங்கும். காந்தத்தால் இரும்புக் கனிமங்களை நீக்கியபின், அடர்த்தி 3.3 உள்ள திரவத்தில் போட்டால் இலேசான கனிமங்களான குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் மிதக்கும்; அடர்த்தி 4.6-ஐ ஒட்டிய சிர்க்கான் மூழ்கும். நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பிசினில் பதித்து, துகளின் நடுவயிறு தெரியும்வரை தேய்ப்பார்கள். உள்வளையங்களைப் படமெடுத்த பிறகே லேசரோ அயனிக் கற்றையோ அதில் ஒரு சிறு குழி போட்டு அளக்கும். நொறுக்கும் இயந்திரத்தைச் சரியாகத் துடைக்காவிட்டால் முந்திய பாறையின் சிர்க்கான் கலந்துவிடும். அந்த ஒரு துகளுக்காக ஒரு மலையின் வரலாறே தவறாக எழுதப்படலாம்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சிர்க்கானுக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. யுரேனியம்-238 ஈயம்-206 ஆகிறது. அரை ஆயுள் 446.8 கோடி. யுரேனியம்-235 ஈயம்-207 ஆகிறது. அரை ஆயுள் 70.38 கோடி.

ஈயம்-206-ஐ யுரேனியம்-238-ஆல் வகுத்தால் 0.5 வருகிறது என்று கொள்வோம். அதோடு 1 கூட்டினால் 1.5. கால்குலேட்டரில் 1.5-இன் இயல் மடக்கையை (ln பொத்தான்) 2-இன் இயல் மடக்கையால் வகுத்தால் 0.585. அதை 446.8-ஆல் பெருக்கினால் 261.4 கோடி: நியோ ஆர்க்கேயன். இரண்டாவது கடிகாரத்திலும் இதே விடை வர வேண்டும். ஈயம்-207-ஐ யுரேனியம்-235-ஆல் வகுத்த விகிதம் 12.12 என்றால், 13.12-ஐ எடுத்து இதே வழியில் போனால் 3.714, 70.38-ஆல் பெருக்கினால் 261.4. இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம்.

இனி அந்தத் துகளிலிருந்து அண்மையில் 20 சதவீத ஈயம் கசிந்துவிட்டது என்று வையுங்கள். முதல் விகிதம் 0.4 ஆகி 216.9 கோடி காட்டும். இரண்டாவது 9.70 ஆகி 240.6 கோடி காட்டும். இரண்டு கடிகாரமும் பிணங்குகின்றன, இரண்டுமே பொய். ஒரே ஒரு கடிகாரம் மட்டும் இருந்திருந்தால் பொய் சொல்வதே தெரிந்திருக்காது. ஆனால் கசியும்போது 206-உம் 207-உம் ஒரே விகிதத்தில் போவதால், ஈயத்தை ஈயத்தோடு ஒப்பிட்டால் பழைய 261.4 மீண்டும் கிடைக்கும். கசிவு அண்மையில் நடந்திருந்தால்தான் இந்தக் குறுக்குவழி செல்லும் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

‘வயது’ என்றால் எதன் வயது?

எண்ணைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் 440.4 கோடி ஆண்டுச் சிர்க்கான் துகள் கிடைத்தது, 2001-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது இருந்த பாறைக்கு வயது ஏறக்குறைய 300 கோடிதான். பழைய மலை தேய்ந்து, அதன் மணல் ஆற்றில் வந்து புதிய பாறையில் படிந்தது. மணலின் வயது வேறு, படிந்த காலம் வேறு. அந்தத் துகள்களில் உள்ள கனமான, இலேசான ஆக்சிஜன் அணுக்களின் விகிதங்கள் நீரோடு தொடர்புகொண்ட பாறையிலிருந்து அவை வந்தன என்று காட்டுகின்றன. ஹேடியனின் நரகப் படம் கலைந்தது இதனால்தான்: 440 கோடிக்கு அருகிலேயே பூமியில் திரவ நீர் இருந்திருக்கிறது.

இன்னொரு வகை, பாறை மறுபடி வெந்த வயது. பூமியின் ஆழத்தில் பாறை மீண்டும் சூடேறினால் பழைய சிர்க்கானைச் சுற்றிப் புதிய வளையம் வளரும். தமிழ்நாட்டுச் சார்னோகைட் என்ற கருங்கல் வகை இதற்கு நல்ல பாடம். சென்னை, நீலகிரிப் பக்கத்துச் சார்னோகைட்டுகள் ஆழத்தில் வெந்தது சுமார் 250 கோடி ஆண்டுக்கு முன். பாலக்காடு – காவிரிப் பிளவு மண்டலத்துக்குத் தெற்கே, மதுரைப் பக்கம் போனால், பார்வைக்கு அதே கல்தான்; ஆனால் அங்கே கடைசிச் சூடு சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன் ஏறியது. இலங்கையின் மலைநாட்டுப் பாறைகளும் இந்தத் தெற்குக் கணக்கோடுதான் சேரும். எனவே ‘சார்னோகைட் என்றால் ஆர்க்கேயன்’ என்று எழுதிவிடாதீர்கள்.

நேரில் பார்க்க

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், நூலில் கட்டிய சிறு காந்தம், குறிப்பேடு. சுத்தியல் வேண்டாம், கீழே சொல்லும் இடங்களில் பல, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்த தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்கள்.

திருப்பதி போகிறவர்கள் இரண்டு பேரூழிகளை ஒரே பார்வையில் பார்க்கலாம். திருமலைச் சரிவின் கீழ்ப்பகுதி ஆர்க்கேயன் கிரானைட். உருண்டு திரண்ட பாறைகளும் புதருமாக இருக்கும். அதற்கு மேலே சுவர்போல எழும், அடுக்கடுக்கான பாறை புரோட்டெரோசோயிக் நகரி குவார்ட்சைட், அதாவது மணற்கல் இறுகி உருவான பாறை. இரண்டும் தொடும் கோட்டுக்கு எபார்க்கேயன் அன்கன்ஃபார்மிட்டி என்று பெயர். விடுபட்ட காலம் சுமார் 80 கோடி ஆண்டு. நாடாவில் 80 சென்டிமீட்டரைக் கத்தரித்துவிட்டு இரு முனைகளையும் ஒட்டியதுபோல. 250 கோடி எல்லை அந்தக் கத்தரித்த துண்டோடு போய்விட்டது. மலைப்பாதையில் வண்டியை நிறுத்திப் பார்க்கலாம் என்று நம்பிப் போக வேண்டாம்; ஜன்னலோர இருக்கையே வழி. மேலே போனபின் சிலாதோரணம் என்ற இயற்கைக் கல்வளைவில் குவார்ட்சைட்டை நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

பல்லாவரம் – பரங்கிமலைப் பகுதிதான் சார்னோகைட்டுக்குப் பெயர் வந்த இடம். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறையில் உள்ள கல் இந்த வகை என்பதால், புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அவர் பெயரை இட்டார். புதிதாக உடைந்த முகத்தில் எண்ணெய் தடவியதுபோன்ற பச்சை கலந்த சாம்பல் மினுக்கம், நீலம் பாய்ந்த குவார்ட்ஸ்: இரண்டும் இருந்தால் பெரும்பாலும் சார்னோகைட். பழுத்த மேற்பரப்பு பழுப்பாகி ஏமாற்றும். ஜல்லிக் குவியலில் புதுமுகம் எளிதாகக் கிடைக்கும்.

பெங்களூர் லால்பாக் குன்று தீபகற்ப நைஸ்பாறை; ஏறக்குறைய 300 கோடி. வெள்ளையும் கருப்புமான பட்டைகள் மாவைப் பிசைந்ததுபோல மடிந்திருக்கும். சேலம் கஞ்சமலையில் காந்தத்தை எடுங்கள். இரும்பும் குவார்ட்ஸும் மாறிமாறி வரும் பட்டைப் பாறையின் கருப்புப் பட்டைப் பக்கம் நூல் சாயும். ஆக்சிஜன் இல்லாத கடலில் கரைந்திருந்த இரும்பு இப்படிப் படிந்தது. சைடீரியனின் பெயருக்குக் காரணம் இத்தகைய பாறைகள்தான் என்றாலும், கஞ்சமலையை ஆர்க்கேயனின் கடைசிப் பகுதியில் வைக்கிறார்கள்.

சமையலறையையும் விட வேண்டாம். ‘பிளாக் கிரானைட்’ என்று விற்கும் மேடைக்கல் பல சமயம் கிரானைட்டே அல்ல. பாறைக் குழம்பு பூமிக்குள்ளேயே இறுகி உருவான டோலரைட். பெங்களூர் – தர்மபுரிப் பகுதியில் பழைய நைஸ்பாறையைப் பிளந்து சுவர்களாக ஏறிய டோலரைட்டின் ஒரு பெருங்கூட்டம் சுமார் 237 கோடி ஆண்டு வயதுடையது. அந்தக் கல்தான் உங்கள் மேடை என்றால், தோசை ஊற்றுவது சைடீரியன் காலத்தின் மேல்.

புதைபடிவத்தை வைத்து வயது சொல்லும்போது

பேலியோ ஆர்க்கேயன் முதலே உயிரின் தடயம் உண்டு. ஆஸ்திரேலியாவின் பில்பராவில் 348 கோடி ஆண்டுப் பாறையில் நுண்ணுயிர்ப் பாய்கள் அடுக்கிக் கட்டிய ஸ்ட்ரோமட்டோலைட் மேடுகள் இருக்கின்றன. அவை பின்னாலும் எல்லாக் காலத்திலும் வளர்ந்ததால் வயது சொல்ல உதவாது. ஸ்ட்ரோமட்டோலைட் இருக்கிறது, ஆகவே ஆர்க்கேயன் என்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தாவல்.

இதைவிடப் பெரிய தாவல் மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்காவில் நடந்தது. அங்கே குகை ஒன்றின் கூரையில், டிக்கின்சோனியா என்ற எடியாக்காரன் உயிரியின் பதிவு கிடைத்ததாக 2021-இல் ஆய்விதழில் வெளியானது. டிக்கின்சோனியா இருந்தால் அந்த விந்தியப் பாறை சுமார் 55 கோடி ஆண்டு. சிர்க்கான் உள்ளிட்ட பிற சான்றுகளோ 100 கோடியை ஒட்டிய வயதைச் சொல்லியிருந்தன. நாடாவில் 45 சென்டிமீட்டர் தகராறு. இன்னொரு குழு நேரில் போய்ப் பார்த்தபோது அந்த ‘உயிரி’ பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது. அது பாறைக்குள் பதிந்தது அல்ல, மேலே ஒட்டியிருந்த தேன்கூட்டின் அழுகிய மிச்சம் என்று 2023-இல் வெளியிட்டார்கள். முதலில் அறிவித்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள். குகைக் கூரையில் எது தெரிந்தாலும், அது பாறையின் அடுக்குக்குள் போகிறதா, மேலே மட்டும் ஒட்டியிருக்கிறதா என்று விளிம்பில் கைலென்ஸை வைத்துப் பாருங்கள். பிறகு அண்ணாந்து, பக்கத்தில் தேனீ இருக்கிறதா என்றும் பாருங்கள்.